இரண்டும் இலவசம்தான், பிறகேன் சேர்க்க முடியாது?

போன இதழில் ஒரு வாசகருக்கு ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் (கோடைத் திறந்து தரும் மென்பொருளைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அனுமதி) பற்றி நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதையே கேட்கின்றன. நாலு வரி போதாது என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார், அவர் கோபம் நியாயமானது. ஆகவே பிரின்டர், வைரஸ், சூடாகும் லெப்டொப் எல்லாம் அடுத்த மாதம் பார்ப்போம். இந்த மாதம் முழுக்க இது ஒன்றுதான்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தமிழ் எழுத்துப்பிழை பார்க்கும் செயலி ஒன்று செய்கிறோம். பிழை பார்க்கும் பகுதியை ஜி.பி.எல் பதிப்பு 2 லைசென்ஸில் கிடைத்த ஒரு புரொஜெக்டிலிருந்து எடுத்தோம். படத்தில் உள்ள எழுத்தை வாசிப்பதற்கு டெசரக்ட் என்ற மென்பொருள், அது அப்பாச்சி 2.0 லைசென்ஸ். இரண்டையும் ஒன்றாக்கி வெளியிடக் கூடாது என்று கெம்பஸில் ஓர் அண்ணா சொல்கிறார். இரண்டும் இலவசம், இரண்டும் ஓப்பன் சோர்ஸ். பிறகென்ன பிரச்சினை?
— மூன்று நண்பர்கள், வெள்ளவத்தை

பதில்: அண்ணா சொன்னது சரி. ஆனால் உங்கள் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை, கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் லெப்டொப்பில் இரண்டையும் கலந்து ஓட்டிப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஜி.பி.எல் உங்களிடம் கணக்குக் கேட்பது நீங்கள் அதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான். கொடுப்பதென்றால் சேர்ந்து உருவான முழு மென்பொருளையும் ஜி.பி.எல்லின் கீழேயே கொடுக்கவேண்டும், வாங்குகிறவர் மேல் ஜி.பி.எல்லில் இல்லாத புதிய கட்டுப்பாடு எதையும் சுமத்தக் கூடாது. அந்த லைசென்ஸின் உயிரே இதில்தான் இருக்கிறது. பதிப்பு 2 வந்தது 1991 இல். அப்பாச்சி 2.0 வந்தது 2004 இல், அதற்குள் மென்பொருள் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான தனியுரிமை) வழக்குகள் பெரிய தலையிடியாகிவிட்டன. அதனால் அப்பாச்சியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இந்த மென்பொருள் என் பேட்டன்டை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால், அதே மென்பொருளுக்காக உங்களுக்குத் தரப்பட்டிருந்த பேட்டன்ட் அனுமதி அன்றோடு முடிந்துவிடும். நல்ல நிபந்தனை, நான் மனதார ஆதரிக்கும் நிபந்தனை. ஆனால் ஜி.பி.எல் 2 இன் கண்ணுக்கு அது தன்னிடம் இல்லாத கூடுதல் கட்டுப்பாடு. என் நிபந்தனையைக் கழற்றாதே என்கிறது ஒன்று, புதிதாக எதையும் பூட்டாதே என்கிறது மற்றது. இரண்டு சொல்லையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற உங்களால் முடியாது. ஜி.பி.எல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடும் இதுதான், ஆகவே இது அண்ணாவின் சொந்த அபிப்பிராயம் இல்லை.

வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன். காலி வீதிச் சைவக் கடையில் வாங்கிய பருப்புக் கறியை மீன் சமைக்கிற வீட்டு மேசையில் வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த வீட்டு மீன் குழம்பை விரத இலையில் வைக்க முடியாது. எம்.ஐ.டி, புதிய பி.எஸ்.டி போன்ற நிபந்தனை குறைந்த லைசென்ஸில் உள்ள கோட் ஜி.பி.எல்லுக்குள் போவது அந்தப் பருப்பு மாதிரி, ஒருவழிப் பாதை. அப்பாச்சி 2.0 உம் ஜி.பி.எல் பதிப்பு 3 க்குள் அப்படிப் போகும், ஏனென்றால் 2007 இல் பதிப்பு 3 ஐ எழுதும்போதே அதற்கு இடம் விட்டு எழுதினார்கள். பதிப்பு 2 க்குள் மட்டும் போகாது.

இப்போது உங்கள் வேலை. அந்தப் பிழை பார்க்கும் புரொஜெக்டில் லைசென்ஸ் என்று தனியாக இருக்கும் கோப்பை மட்டும் பார்த்தீர்களா, அல்லது ஒவ்வொரு கோட் கோப்பின் தலையிலும் இருக்கும் குறிப்பைப் பார்த்தீர்களா? பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். அதில் லைசென்ஸின் முழு வாசகம் மட்டும்தான் இருக்கும். கோட் கோப்பைத் திறந்தால் மேலே பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு குறிப்பு வரும், அதற்குள் "பதிப்பு 2, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்திய எந்தப் பதிப்பும்" என்ற கருத்தில் ஒரு துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நீங்கள் தப்பினீர்கள். அந்தக் கோடைப் பதிப்பு 3 இன் கீழ் எடுத்துக்கொள்ளலாம், டெசரக்டோடு சேர்க்கலாம், முழுச் செயலியையும் ஜி.பி.எல் 3 இல் வெளியிடலாம். பதிப்பு 2 மட்டும் என்று இருந்தால் இரண்டு வழி. ஒன்று, டெசரக்டை உங்கள் செயலிக்குள் இணைக்காமல் தனி நிரலாகவே விட்டு, படத்தைக் கொடுத்து எழுத்துக் கோப்பை வாங்கிக்கொள்வது. கட்டளை வரியில் கூப்பிட்டுப் பதில் வாங்குவதைச் சாதாரணமாக இரண்டு தனி மென்பொருள்களின் பேச்சாகத்தான் அந்த அறக்கட்டளையே பார்க்கிறது. மற்றது, எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல். "உங்கள் கோடைத் தமிழுக்குப் பயன்படுத்துகிறோம், பிந்திய பதிப்புகளுக்கும் அனுமதி தரமுடியுமா" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டால் தருகிற ஆட்கள் நிறையப் பேர், நாங்கள்தான் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். இந்தப் பிளவு ஜி.பி.எல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல் ஜி.பி.எல் பதிப்பு 2 மட்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வை லினக்ஸுக்குக் கொண்டுவந்த சம்பா 2007 இல் பதிப்பு 3 க்குப் போனது. கேர்னலுக்குள்ளும் அதே கோப்புப் பகிர்வைப் பேசும் பகுதி இருக்கிறது. ஒரே வேலையை, ஒரே நோக்கத்தோடு, வருடக்கணக்காகச் செய்கிற இரண்டு குழுக்கள், ஒருவர் தீர்த்த பிழையை மற்றவர் அப்படியே எடுத்து ஒட்ட முடியாமல் இருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு வசனத்தில் "பிந்திய பதிப்பு" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் எவ்வளவு உழைப்பு வீணாகிறது பாருங்கள்.

கேள்வி: கடிதம், கணக்குத் தாள் தயாரிக்கும் லிப்ரே ஒபிஸில் வருகிற புதிய வசதிகள் அப்பாச்சி ஓப்பன் ஒபிஸில் ஏன் வருவதில்லை? இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன்.
— ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: ஒரே தாய்தான் டீச்சர், பழைய ஓப்பன் ஒபிஸ். 2010 செப்டெம்பரில் லிப்ரே ஒபிஸ் பிரிந்து போனது, அடுத்த வருடம் அதை வைத்திருந்த ஒரகிள் கம்பனி மிச்சமிருந்த ஓப்பன் ஒபிஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது, அங்கே அது அப்பாச்சி 2.0 க்கு மாறியது. லிப்ரே ஒபிஸ் இருப்பது எல்.ஜி.பி.எல் 3 (ஜி.பி.எல்லின் தளர்ந்த வடிவம்), எம்.பி.எல் 2.0 (மொஸில்லாவின் லைசென்ஸ்) இரண்டிலும். முன்பு சொன்ன பருப்புக் கதைதான்: அப்பாச்சிப் பக்கத்துக் கோடை லிப்ரே ஒபிஸ் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறது. திரும்பிப் போகாது, ஏனென்றால் தன் மென்பொருள் அப்பாச்சி லைசென்ஸிலேயே இருக்கவேண்டும் என்பது அந்த அறக்கட்டளையின் விதி. வேலை செய்கிற ஆட்களும் லிப்ரே ஒபிஸ் பக்கம்தான் அதிகம். உங்கள் பாடசாலைக் கணினிகளுக்கு லிப்ரே ஒபிஸைப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் கம்பனி இணையத்தில் பில் போடும் சேவை நடத்துகிறது. பி.டி.எஃப் ஆக்குவதற்கு ஏ.ஜி.பி.எல் லைசென்ஸில் உள்ள லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோட்) ஒன்றைப் பயன்படுத்துகிறோம். மென்பொருளை யாருக்கும் கொடுக்கவில்லை, எல்லாம் எங்கள் சேர்வரில்தான் ஓடுகிறது. ஆகவே கோடைத் திறக்கவேண்டியதில்லை என்று மேலாளர் சொல்கிறார். சரியா?
— பெயர் வேண்டாம், தெமட்டகொடை

பதில்: உங்கள் மேலாளர் சொல்வது ஜி.பி.எல்லுக்குச் சரி, ஏ.ஜி.பி.எல்லுக்கு ஆபத்து. மென்பொருளைக் கையில் கொடுக்காமல் சேர்வரில் ஓட்டினால் ஜி.பி.எல்லின் கடமைகள் தொடங்குவதில்லை என்ற அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2007 நவம்பரில் ஏ.ஜி.பி.எல் பதிப்பு 3 வந்தது. அதன் 13 ஆம் பிரிவு சொல்வது: நீங்கள் மாற்றிய மென்பொருளோடு வலையமைப்பு வழியாகப் பழகுகிற எல்லோருக்கும் அதன் கோடைப் பெறும் வழியைக் காட்டவேண்டும். நாங்கள் மாற்றவில்லை, அப்படியே பயன்படுத்துகிறோம் என்று சொல்வீர்கள். ஆனால் உங்கள் கோடோடு இணைத்து ஒரே மென்பொருளாக்குவதே அந்த லைப்ரரியின் மேல் கட்டிய புதிய படைப்புத்தான் என்பது இப்படிப்பட்ட லைப்ரரிகளை விற்கிறவர்களின் நிலைப்பாடு. அதை எதிர்த்து வாதாட இடம் இருக்கலாம், ஆனால் ஒரு கம்பனியின் பிழைப்பை அந்த வாதத்தின் மேல் வைக்க நான் சொல்லமாட்டேன்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். எட்டு வருடங்களுக்கு முன் பொரளைப் பக்கத்தில் ஆறு பேர் வேலை செய்த ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். நாங்கள் செய்த பில் மென்பொருளை வாங்க வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வந்தது, விலையெல்லாம் பேசி முடிந்தது, கையெழுத்துக்கு முன் அவர்களுடைய சட்டத்தரணிகள் ஒரு எக்ஸெல் தாளை அனுப்பினார்கள்: நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், பதிப்பு, லைசென்ஸ். இரண்டு இரவு இருந்து நிரப்பினோம். அறுபத்துச் சொச்சம் வரிகளில் ஒன்றே ஒன்று ஏ.ஜி.பி.எல், அதுவும் பி.டி.எஃப் லைப்ரரிதான். அந்த ஒரு வரிக்குச் சிவப்பு நிறம் பூசித் தாளைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு லைப்ரரிக்கு மாறினோம். மாறிப் பார்த்தால் தமிழ் பில்லில் "பொருள்" என்ற சொல்லின் கொம்பு ப வுக்கு இடப்பக்கம் வராமல் வலப்பக்கம் போய் நின்றது, "மொத்தம்" உடைந்து கிடந்தது. எழுத்தைச் சரியாக ஒழுங்குபடுத்தி அச்சிடவைக்க மூன்று கிழமை போனது. வாங்க வந்தவர்கள் அதுவரை காத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். லைப்ரரியைத் தேர்ந்த முதல் நாளே பார்த்திருந்தால் அரை மணித்தியால வேலை.

உங்களுக்கு மூன்று வழி: காசு கொடுத்து வணிக லைசென்ஸ் வாங்குங்கள், அல்லது முழுச் சேவையையும் ஏ.ஜி.பி.எல்லில் திறவுங்கள் (இதையும் கேவலமாக நினைக்காதீர்கள், திறந்து நடத்திப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்), அல்லது மாறுங்கள். ஜாவா என்றால் அப்பாச்சி 2.0 இல் பி.டி.எஃப் பொக்ஸ் இருக்கிறது. ஐடெக்ஸ்ட் லைப்ரரி 2009 இல் ஏ.ஜி.பி.எல்லுக்கு மாறிய பிறகு அதன் பழைய பதிப்பிலிருந்து வளர்ந்த ஓப்பன் பி.டி.எஃப் எல்.ஜி.பி.எல், எம்.பி.எல் இரண்டிலும் கிடைக்கிறது. எதற்கு மாறினாலும் முதல் வேலையாக "பொருள்" என்று அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எனக்குத் தேவையான கோட் அப்படியே கிடைத்தது. லைசென்ஸ் கோப்பு எதுவும் இல்லை. ஆகவே கட்டுப்பாடும் இல்லைத்தானே?
— மாணவர், மொறட்டுவை

பதில்: நேர் எதிர், தம்பி. லைசென்ஸ் இல்லையென்றால் அனுமதி இல்லை. எங்கள் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் புத்தகம், கட்டுரை போல ஒரு படைப்பாகத்தான் பாதுகாக்கிறது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும், எங்கும் போய்ப் பதியவேண்டியதில்லை, அவர் வாழும் காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். பொது இடத்தில் வைத்திருக்கிறார் என்பதற்காக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது, மதிலுக்கு வெளியே தொங்கும் மாங்காயும் மரக்காரருடையதுதான். கிட்ஹப்பின் விதிப்படி அந்தத் தளத்துக்குள் பார்க்கலாம், அங்கேயே ஒரு பிரதி எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். லைசென்ஸ் போட மறந்தவர்கள்தான் அதிகம், ஆகவே அந்தப் பக்கத்திலேயே கேளுங்கள். "எந்த லைசென்ஸில் தருகிறீர்கள்?" என்ற ஒரு வரி போதும்.

கேள்வி: புறக்கோட்டையில் மாமாவின் துணிக்கடைக்கு பை-கியூட் (பைத்தன் மொழியில் திரை, பொத்தான் எல்லாம் செய்ய உதவும் லைப்ரரி) வைத்து ஒரு பில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இப்போது பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்கிறார்கள். விலைக்கு விற்கலாமா? கோடைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.
— வாசகர், மருதானை

பதில்: விற்பதை ஜி.பி.எல் ஒருநாளும் தடுத்ததில்லை, இதைப் பலர் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்கள். தாராளமாக விற்கலாம். ஆனால் பை-கியூட் ஜி.பி.எல் பதிப்பு 3, ஆகவே வாங்கிய கடைக்காரர் கோடைக் கேட்டால் கொடுக்கவேண்டும், அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தடுக்க முடியாது. அது வேண்டாம் என்றால் பை-கியூட்டை எழுதும் கம்பனியிடம் வணிக லைசென்ஸ் வாங்கலாம், அல்லது அதே வேலையைச் செய்யும் பை-சைடுக்கு மாறலாம்.

பை-சைட் பிறந்ததே இந்தப் பிரச்சினையில்தான். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கியூட்டை வைத்திருந்த நோக்கியா 2009 இல் அதை எல்.ஜி.பி.எல்லிலும் வெளியிட்டது. பைத்தன் இணைப்பையும் அதே லைசென்ஸில் தரவேண்டும் என்று பை-கியூட்காரரோடு பேசிப் பார்த்தது, ஒத்துவரவில்லை, அதே வருடம் தானே ஒன்றை எழுதி வெளியிட்டது. அதற்கும் முந்திய கதை இன்னும் பெரிது. 1996 இல் தொடங்கிய, லினக்ஸின் திரைச் சூழலான கே.டி.ஈ டெஸ்க்டொப் முழுக்கக் கியூட்டின் மேல் நின்றது, அப்போதைய கியூட் லைசென்ஸ் ஜி.பி.எல்லோடு சேராது. அதனால் 1997 இல் க்னோம் என்ற போட்டி டெஸ்க்டொப்பே தொடங்கியது, 1998 இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு கே.டி.ஈயைத் தன் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. 2000 இல் கியூட்டை ஜி.பி.எல்லிலும் தந்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. இன்றைக்கு லினக்ஸ் போடுகிறவரிடம் க்னோமா கே.டி.ஈயா என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி ஒரு லைசென்ஸ் பொருந்தாமையில் பிறந்தது.

உங்கள் வேலைக்கு வருவோம். மாறுவது பெரிய பாடு இல்லை, பெரும்பாலும் கோப்பின் மேலே உள்ள இம்போர்ட் வரிகளும், பைகியூட்சிக்னல் என்று இருப்பதை வெறும் சிக்னல் என்று ஆக்குவதும்தான். எல்.ஜி.பி.எல்லுக்கும் கடமை உண்டு: கியூட் பயன்படுத்துவதைச் சொல்லவேண்டும், லைசென்ஸ் வாசகத்தைக் கூட வைக்கவேண்டும், வாங்கியவர் விரும்பினால் கியூட்டை மட்டும் கழற்றி வேறு பதிப்பைப் போட வழி இருக்கவேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் பிசைந்து கொடுக்காமல் ஒரு கோப்புறையாகக் கொடுங்கள், கியூட்டின் கோப்புகள் அதற்குள் தனியாகத் தெரியட்டும். கியூட்டின் சில பகுதிகள் எல்.ஜி.பி.எல்லில் இல்லை, ஜி.பி.எல்லில் மட்டும்தான், வரைபடம் வரையும் சார்ட்ஸ் அப்படி ஒன்று. மாமாவுக்கு மாத விற்பனை வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தால் அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: சேர்வரில் கோப்புகளைச் சேமிக்க இசட்.எஃப்.எஸ் என்ற கோப்பு முறைமை நல்லது என்கிறார்கள். அவ்வளவு நல்லதென்றால் லினக்ஸ் கேர்னலிலேயே ஏன் சேர்க்கவில்லை?
— சிஸ்டம் அட்மின், தெஹிவளை

பதில்: நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005 இல் அதன் கோடைத் திறந்தபோது சி.டி.டி.எல் என்ற தன் சொந்த லைசென்ஸில் திறந்தது. இந்தக் கோப்புகள் எப்போதும் சி.டி.டி.எல்லிலேயே இருக்கவேண்டும் என்கிறது அது, முழுவதும் என் கீழ் வரவேண்டும் என்கிறது கேர்னலின் ஜி.பி.எல். 2010 இல் ஒரகிள் சன்னை வாங்கியது, லைசென்ஸை மாற்றவில்லை. 2016 இல் உபுண்டு லினக்ஸ் 16.04 இசட்.எஃப்.எஸ்ஸைக் கேர்னல் மொடியூலாக (கேர்னலில் தனியாகச் செருகும் பகுதியாக) அனுப்பத் தொடங்கியது. தங்கள் சட்டத்தரணிகள் சரி என்கிறார்கள் என்றது உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல், இது ஜி.பி.எல் மீறல் என்றது சொஃப்ட்வெயார் ஃப்ரீடம் கொன்சர்வன்சி என்ற அமைப்பு. 2020 ஜனவரியில் கேர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வல்ட்ஸ், ஒரகிளின் தலைமைச் சட்டத்தரணியோ அதன் நிறுவனர் லாரி எலிசனோ கையெழுத்திட்ட கடிதம் வரும்வரை அதைச் சேர்க்கவே மாட்டேன் என்று எழுதினார்.

நீங்கள் உங்கள் சேர்வரில் போட்டுப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கலும் இல்லை. கேர்னலை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இசட்.எஃப்.எஸ் மொடியூல் அதற்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள். வெளியே இருக்கிற மொடியூல் என்பதால் கேர்னல்காரர்கள் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலிக்குள் வைத்தால் முழுச் செயலியையும் அதே லைசென்ஸில் வெளியிடவேண்டுமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வேண்டியதில்லை. அது ஓப்பன் ஃபொன்ட் லைசென்ஸ், செயலியோடு சேர்த்துக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, லைசென்ஸ் கோப்பைக் கூடவே வைக்கவேண்டும். எழுத்தின் வடிவத்தை நீங்கள் மாற்றினால் மாற்றிய எழுத்துரு அதே லைசென்ஸில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கெம்பஸில் இருந்தபோது 14 பேர் சேர்ந்து கொழும்பு பஸ் நேரம் காட்டும் செயலி ஒன்று எழுதினோம், ஜி.பி.எல் 3 இல். இப்போது அதை வேறு ஒரு புரொஜெக்டோடு சேர்க்க எம்.ஐ.டி லைசென்ஸுக்கு மாற்றவேண்டும். புரொஜெக்டைத் தொடங்கியது நான்தான், நானே மாற்றிவிடலாமா? ஒருவர் வெளிநாடு போய்விட்டார், தொடர்பே இல்லை.
— பழைய மாணவி, கல்கிசை

பதில்: தொடங்கியவர் என்பதால் மற்றவர்கள் எழுதியது உங்களுடையதாகாது, தங்கச்சி. ஒவ்வொருவரும் எழுதிய வரிக்கு அவரவர்தான் உரிமையாளர், உரிமையை உங்களுக்கு எழுதித் தந்திருந்தாலொழிய. 14 பேரும் சம்மதிக்கவேண்டும், எழுத்தில். யாராவது அப்போதே ஒரு கம்பனியில் சேர்ந்து அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் இன்னும் ஒரு படி உண்டு: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லையென்றால் அந்தக் கோடின் பொருளாதார உரிமை எங்கள் சட்டப்படி முதலாளிக்குப் போகும், ஆகவே சம்மதம் அங்கிருந்து வரவேண்டும்.

மலைக்காதீர்கள், உங்களைவிடப் பெரியவர்கள் இதைச் செய்து முடித்திருக்கிறார்கள். இணையத்தின் பாதிப் பூட்டுகளுக்குச் சாவி செய்யும் ஓப்பன் எஸ்.எஸ்.எல்லின் பழைய லைசென்ஸில் விளம்பரத்தில் அவர்கள் பெயரைச் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, அதனால் ஜி.பி.எல் மென்பொருள்கள் அதைச் சேர்க்கவேண்டுமென்றால் தனியாக விதிவிலக்கு எழுதிக்கொள்ளவேண்டியிருந்தது, கோப்பு இறக்கும் டபிள்யூகெட் கூட அப்படித்தான் எழுதிவைத்தது. கோட் எழுதிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு எழுதிச் சம்மதம் கேட்டு, 2021 செப்டெம்பரில் வந்த பதிப்பு 3.0 இல்தான் அப்பாச்சி 2.0 க்கு மாறினார்கள். வீடியோ பார்க்கும் வி.எல்.சி 2011 ஜனவரியில் அப்பிளின் செயலிக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது, கடையின் நிபந்தனைகள் ஜி.பி.எல்லோடு ஒத்துவராது என்று எழுதியவர்களில் ஒருவரே முறையிட்டதால். பிறகு அவர்களும் ஆள் ஆளாகத் தேடி லைசென்ஸை மாற்றி 2013 ஜூலையில் திரும்பி வந்தார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2012 இல் லைசென்ஸை மாற்றியபோது, சம்மதம் தராதவர்கள் வரைந்த வீதிகளையும் கட்டடங்களையும் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு மற்றவர்கள் மீண்டும் வரைந்தார்கள். கஷ்டமான வேலை, ஆனால் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் உழைப்பைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆகவே தொடர்பில் இருக்கும் மற்ற 12 பேரிடமும் முதலில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் "ஓம், சரி" என்று வருவதோடு நிற்காமல், கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலேயே ஒரு கோப்பு வைத்து ஒவ்வொருவரும் தன் பெயரில் ஒரு வரி சேர்க்கட்டும், அது என்றைக்கும் அங்கே இருக்கும். வெளிநாடு போனவரின் பழைய கமிட்டில் (கோட் சேர்த்த பதிவில்) அவர் மின்னஞ்சல் முகவரி இருக்கும், அதற்கு எழுதி ஒரு மாதம் பொறுங்கள், அவருடைய வகுப்புத் தோழர்களிடமும் சொல்லிவையுங்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்கக் கூடாது. பதில் வராவிட்டால் அவர் எழுதியதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டியதுதான். எந்த வரி அவருடையது என்பதை கிட் பிளேம் என்ற கட்டளை காட்டிக் கொடுக்கும். உங்கள் கடிதத்தோடு வந்த பட்டியலைப் பார்த்தால் அவர் எழுதியது அட்டவணையை வாசிக்கும் ஒரே ஒரு கோப்பு, முந்நூறு வரி வராது. பழைய கோடை ஒருபோதும் பார்க்காத ஒருவரைப் பிடியுங்கள், 101 ஆம் இலக்க மொறட்டுவை–புறக்கோட்டை பஸ்ஸின் அட்டவணையைக் கையில் கொடுத்து, உள்ளே போவது இது, வெளியே வரவேண்டியது இது என்று மட்டும் சொல்லி உட்காரவையுங்கள். ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு லைசென்ஸ் கோப்பை மாற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம்.